வயலைப் படம் பிடிக்கலாம். வீட்டைப் படம் பிடிக்கலாமா?

தஞ்சைப் பகுதியில் 1960-ஆம் ஆண்டுகளில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் பரவியபோது, உழவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. அந்த ரகத்தைப் பற்றித் திருச்சி வானொலியில் கேட்டறிந்து பலரும் பயிரிட்டதால் இப்பெயர் வழங்கலாயிற்று. பின்னர் 1975-76-இல் செயற்கைக்கோள் வாயிலாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் சோதனை முறையில் அனுப்பப்பட்டன. வானொலியானாலும் தொலைக்காட்சியானாலும் செய்தி வெளியிலிருந்து ஊருக்குள் வந்தது. கேட்பதும் பார்ப்பதும் மட்டுமே உழவரின் வேலையாக இருந்தது.

இன்று அந்த நிலை மாறிவிட்டது. 2016-க்குப் பிறகு செல்போன் இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. கையில் உள்ள செல்போனே கேமராவாகவும் ஒளிபரப்பு நிலையமாகவும் ஆகிவிட்டது. ஊருக்குள் நடப்பது வெளியே போகிறது. நாற்று நடுவது, கறவை மாடு கறப்பது, அடுப்பு பற்ற வைப்பது, மகளுக்குச் சடங்கு சுற்றுவது, மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வது என அன்றாட வாழ்க்கை முழுவதும் வீடியோவாகி, யூடியூபிலும் ரீல்ஸிலும் உலகெங்கும் பார்க்கக் கிடைக்கிறது. அதிலிருந்து வருமானமும் வருகிறது.

விவசாயத்தில் கிடைக்கும் வருமானம் போதாத நிலையில், கூடுதலாக ஒரு வழி கிடைப்பதைக் குறை கூற இயலாது. ஆயினும் ஆடு வளர்ப்போ, காளான் வளர்ப்போ தொடங்குமுன் செலவு, வரவு, நோய், சந்தை ஆகியவற்றை ஆராய்வது போல இந்தத் தொழிலையும் ஆராய்ந்து பார்க்க வேண்டும். குறிப்பாக, இதில் குடும்பம் எதை முதலாகப் போடுகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு கிராமங்களின் அனுபவம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள சின்ன வீரமங்கலம் என்ற கிராமத்தைச் சேர்ந்த ஒரு விவசாயக் குடும்பத்தினர் 2018-இல் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ என்ற யூடியூப் சேனலைத் தொடங்கினர். சமையல் தொழிலில் அனுபவம் உள்ள பெரியதம்பி என்ற முதியவரும் அவருடைய பேரன்கள் ஐவரும் சேர்ந்து நடத்தும் சேனல் இது. ஆண்டில் பாதி நாட்கள் வயலில் வேலை இல்லாத குறையைப் போக்கவே இதில் இறங்கியதாக அவர்கள் கூறியுள்ளனர். 2021-இல் இந்தச் சேனலின் சப்ஸ்கிரைபர்கள் ஒரு கோடியைத் தாண்டினர். அந்த அளவை எட்டிய முதல் தமிழ்ச் சேனல் இதுவேயாகும். அதே ஆண்டு கொரோனா நிவாரணத்திற்காக முதலமைச்சர் நிதிக்கு 10 லட்சம் ரூபாயும் அளித்தனர்.

சத்தீஸ்கர் மாநிலத் தலைநகர் ராய்ப்பூருக்கு அருகில் துல்சி என்றொரு கிராமம் உள்ளது. 2018-இல் இவ்வூர் இளைஞர்கள் இருவர் சேனல் ஒன்றைத் தொடங்கினர். பிறகு ஊரே அதில் இறங்கியது. சுமார் 4,000 பேர் வாழும் அந்த ஊரில் சுமார் 1,000 பேர் ஏதோ ஒரு வகையில் யூடியூப் வேலையில் ஈடுபட்டுள்ளதாக 2025-இல் செய்திகள் வெளியாயின. அரசும் 2023-இல் அங்கு ஒரு படப்பிடிப்பு நிலையத்தை அமைத்துக் கொடுத்தது. முன்பு வீட்டை விட்டு அதிகம் வெளியே வராத பெண்கள் நடிக்க முன்வந்தனர். குடும்பத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமைகளைப் பற்றியும் படங்கள் எடுக்கப்பட்டன.

இவ்விரண்டு ஊர்களும் வெற்றி கண்டவை. ஆகவே இவர்கள் எதைக் காட்டினார்கள் என்பதைக் கவனிப்பது பயனுள்ளது. சின்ன வீரமங்கலத்தார் காட்டியது சமையல் தொழிலை. அதையும் பெரும்பாலும் வயல்வெளியிலும் தோப்பிலும் அடுப்பு மூட்டிச் செய்து காட்டினர். துல்சி கிராமத்தார் பெரிதும் எடுத்தவை நகைச்சுவையும் நாடகமும். நாடகத்தில் மாமியாராக வந்து திட்டியவர், படப்பிடிப்பு முடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிட்டு வீட்டிற்குப் போய்விடலாம்.

இவர்களைப் பார்த்து மற்றவர்கள் தொடங்கும்போதுதான் வேறுபாடு ஏற்படுகிறது. தொழிலும் கலையும் கைவசம் இல்லாதவர்கள், எளிதாகக் கிடைக்கும் பொருளாகத் தங்கள் வீட்டையே படம் பிடிக்கத் தொடங்குகிறார்கள். காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை நடப்பவை வீடியோவாகின்றன. இங்கு கலைத்துப் போட வேடம் எதுவும் இல்லை.

திண்ணையும் உள்கட்டும்

எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியல் அறிஞர், ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில் 1949 முதல் 1951 வரையிலான காலத்தில் தங்கி ஆராய்ச்சி செய்தார். அங்கு வாழ்ந்தவர்கள் நம் ஊர்ச் சிறு விவசாயிகளைப் போல, சிறு நிலமும் சில ஆடுமாடுகளும் வைத்துப் பிழைப்பவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் தேநீர் அருந்த வரும்போது அவர் நடந்து வருவதை வீட்டினுள் இருப்பவர்கள் ஜன்னல் வழியே பார்க்க முடியும். வழி நெடுக வேறு முகத்தோடு வந்தவர், வாசலை அடையும் தருணத்தில் புன்சிரிப்பை வரவழைத்துக் கொள்வதை அவர்கள் வேடிக்கையாகக் கவனிப்பார்கள். மனிதர்கள் பிறர் முன்னிலையில் ஒரு விதமாகவும் தனிமையில் வேறு விதமாகவும் இருப்பது இயற்கை என்றும், நாடகத்தில் மேடையும் திரைக்குப் பின்னால் ஓர் அறையும் இருப்பது போல வாழ்க்கையிலும் இரண்டு இடங்கள் தேவை என்றும் கோஃப்மன் பின்னர் எழுதிய நூலில் விளக்கினார்.

நம் முன்னோர் இதனை அறிந்தே வீடு கட்டினர். தெருவில் போகிறவர் யாராயினும் திண்ணையில் உட்காரலாம். உறவினரும் நண்பரும் கூடத்திற்கு வரலாம். உள்கட்டிற்குள் வீட்டு மனிதர்கள் மட்டுமே செல்வர். அழுவதும் கோபிப்பதும் கடனைப் பற்றிப் பேசுவதும் அங்கேதான். ஒற்றை அறை உள்ள குடிசையில்கூட, சாத்திய கதவைத் தட்டாமல் அடுத்தவர் நுழைவதில்லை.

செல்போன் கேமரா உள்கட்டு வரை வந்துவிட்டால் அந்த வீட்டில் திரைக்குப் பின்னால் என்று ஓர் இடம் மிச்சமிருப்பதில்லை. கணவனும் மனைவியும் சண்டையிட்டால் அதுவும் வீடியோ. சமாதானமானால் அடுத்த வீடியோ. சிரிப்பதற்கு ஒன்றும் இல்லாத நாளிலும் சிரித்தாக வேண்டும். இப்படி நாட்கள் செல்லச் செல்ல, எது உண்மையான சிரிப்பு என்பது வீட்டில் உள்ளவர்களுக்கே விளங்காமல் போய்விடும்.

வருமானக் கணக்கு

யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு பெறுவதற்கு, 1,000 சப்ஸ்கிரைபர்களும் முந்தைய 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். குறு வீடியோக்களாக இருந்தால் 90 நாட்களில் ஒரு கோடி பார்வைகள் வேண்டும். 4,000 மணி நேரம் என்பது 2,40,000 நிமிடங்கள். ஒருவர் ஒரு வீடியோவைச் சராசரியாக 4 நிமிடம் பார்ப்பதாகக் கொண்டால், 60,000 முறை பார்க்கப்பட்ட பிறகே இந்த அளவை எட்ட முடியும். அதுவரை போடும் உழைப்புக்கு விளம்பர வருமானம் கிடையாது.

தகுதி பெற்ற பிறகு, நீண்ட வீடியோக்களில் வரும் விளம்பர வருமானத்தில் 55 விழுக்காடு சேனல் நடத்துபவருக்குக் கிடைக்கும். சேர்ந்த தொகை 100 டாலர் ஆன பிறகே வங்கிக்கு வரும். வருமானம் மாதத்திற்கு மாதம் கூடும், குறையும். தக்காளி விலை போலவே இதையும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. இதை நம்பிக் கடன் வாங்கிக் கேமராவும் கணினியும் வாங்குவது, விலை தெரியாமல் பத்து ஏக்கர் தக்காளி நடுவதற்குச் சமம்.

மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். சேனல் நடத்துபவர் குத்தகைதாரர் மட்டுமே. நிலம் அந்த நிறுவனத்தினுடையது. விதிகளை மாற்றும் உரிமையும் கணக்கை மூடும் உரிமையும் அதனிடமே உள்ளன. 2020 ஜூன் 29-இல் மத்திய அரசு டிக்டாக் செயலிக்குத் தடை விதித்தபோது, கிராமத்து இளைஞர்கள் பலர் அதில் சேர்த்து வைத்திருந்த ரசிகர் கூட்டம் ஒரே நாளில் கைவிட்டுப் போயிற்று.

வரி விஷயத்திலும் கவனம் தேவை. விவசாய வருமானத்திற்கு மத்திய அரசின் வருமான வரி விலக்கு உண்டு. வயலில் எடுத்த படமே ஆனாலும் வீடியோ வருமானம் விவசாய வருமானம் ஆகாது. தனியாகக் கணக்கு வைத்துக் கொள்ள வேண்டும்.

உழைப்பு யாருடையது?

மதியச் சமையலுக்கு ஒரு வீட்டில் ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று கொள்வோம். அதையே படம் பிடிப்பதானால் அடுப்படியைத் துடைத்து ஒழுங்கு செய்ய வேண்டும், நல்ல சேலை உடுத்த வேண்டும், தாளிப்பதை இரண்டு முறை காட்ட வேண்டும், பேசியது சரியாக வராவிட்டால் மீண்டும் பேச வேண்டும். ஒன்றரை மணி நேரம் மூன்று மணி நேரமாகும். அதன் பின்னரும் பாத்திரம் துலக்குவதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் பருத்தி எடுக்கப் போவதும் அந்தப் பெண்ணுக்குக் காத்திருக்கும்.

இவ்வாறு உழைப்பைத் தருபவர் மருமகளாக இருக்க, வங்கிக் கணக்கு கணவர் பெயரிலோ கொழுந்தனார் பெயரிலோ இருக்கக்கூடும். வீட்டின் பின்புறம் ஆடு வளர்த்து விற்கும் பெண்ணுக்கு, ஆட்டின் விலையாவது தெரியும். வீடியோவில் தான் ஈட்டியது எவ்வளவு என்பது அவருக்குத் தெரியாமலே போகலாம். வசவைக் கேட்பவரும் அவரே. முகமறியாதவர்கள் உடலைப் பற்றியும் சாதியைப் பற்றியும் எழுதும் கமெண்டுகளை அவர் தினமும் படிக்க நேர்கிறது. வருமானத்தில் பங்கும், ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையும் அவருக்கு இருந்தால்தான் இது குடும்பத் தொழில் ஆகும்.

குழந்தைகளின் நிலை

குழந்தைகள் வரும் வீடியோக்களைப் பலரும் விரும்பிப் பார்க்கிறார்கள். ஆகவே குழந்தையை முன்னிறுத்தும் ஆசை பெற்றோருக்கு எளிதில் வந்துவிடுகிறது.

திரைப்படம், தொலைக்காட்சி முதலியவற்றில் நடிக்கும் குழந்தைகளுக்கு நம் நாட்டில் விதிகள் உள்ளன. குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஒரு நாளில் ஐந்து மணி நேரத்திற்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்திற்கு மேலும் அவர்களைப் பணியில் ஈடுபடுத்தக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புநிதியாகப் போட வேண்டும். தன் வீட்டிலேயே தந்தை எடுக்கும் வீடியோவில் நடிக்கும் குழந்தைக்கு இந்த மணிக்கணக்கைப் பார்ப்பவர் யார்? பெற்றோர் மனம் வைத்தால் மட்டுமே உண்டு.

வெளிநாடுகளில் இதற்கெனச் சட்டங்கள் வரத் தொடங்கியுள்ளன. பிரான்சு நாடு 2020-இல், 16 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இணைய வீடியோக்களில் நடித்து ஈட்டும் பணத்தைப் பாதுகாக்கச் சட்டம் இயற்றியது. தான் தோன்றும் வீடியோவை நீக்கும்படி கேட்கும் உரிமையையும் அச்சட்டம் குழந்தைக்கு அளித்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2024 ஜூலை முதல், குடும்ப வீடியோக்களில் தோன்றும் குழந்தைக்குரிய பங்கை அவர் பெயரில் ஒதுக்கி வைப்பது கட்டாயமாக்கப்பட்டது.

இத்தகைய சட்டங்கள் ஏன் தேவைப்படுகின்றன என்பதை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. அங்கு ஆறு குழந்தைகளுக்குத் தாயான ஒருவர் 2015 முதல் தம் குடும்ப வாழ்க்கையை யூடியூபில் வெளியிட்டு வந்தார். ஏறத்தாழ 25 லட்சம் சப்ஸ்கிரைபர்கள் சேர்ந்தனர். குழந்தை வளர்ப்பு பற்றி ஊருக்கெல்லாம் அறிவுரை கூறினார். குழந்தைகளுக்கு அவர் அளித்த தண்டனைகளைக் கண்டு 2020-லேயே பார்வையாளர்கள் சிலர் ஐயம் எழுப்பினர். பின்னர் அந்தச் சேனல் நின்றுபோயிற்று. 2023 ஆகஸ்டில், பட்டினியாலும் காயங்களாலும் மெலிந்துபோயிருந்த அவருடைய 12 வயது மகன், அடைத்து வைக்கப்பட்ட வீட்டிலிருந்து ஜன்னல் வழியே தப்பி, அருகிலிருந்த வீட்டுக் கதவைத் தட்டி உணவும் தண்ணீரும் கேட்டான். அந்தத் தாய்க்கு 2024 பிப்ரவரியில் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. லட்சக்கணக்கானோர் பார்த்து வளர்ந்த குழந்தைக்கு, ஆபத்து வேளையில் கதவைத் திறந்தவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். வளர்ந்துவிட்ட மூத்த மகள் அதே ஆண்டு அக்டோபரில் சட்டமன்றக் குழுவின் முன் சென்று, குடும்ப வீடியோக்களில் தோன்றும் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று வலியுறுத்தினார்.

இது எங்கோ நடந்த கொடுமை என்று தள்ளிவிடலாம். ஆனால் கொடுமை இல்லாத வீட்டிலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஆறு வயதில் அழுத அழுகையும் பத்து வயதில் வாங்கிய குறைந்த மதிப்பெண்ணும் பூப்படைந்த நாளும் வீடியோவாகிவிட்டால், அந்தப் பெண் வளர்ந்து கல்லூரிக்குப் போகும் போதும் வேலைக்குப் போகும் போதும் அவை உடன் வரும். ஒருமுறை வெளியிட்டதைப் பிறர் எடுத்து வைத்துக்கொண்டால், நாம் அழித்தாலும் அது அழிவதில்லை. காற்றில் பரவிய பார்த்தீனிய விதையைத் திரும்பப் பொறுக்க முடியாதது போலத்தான் இதுவும்.

கூலியாட்களும் அண்டை அயலாரும்

நடவு வயலில் பெண்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சேற்றில் குனிந்து நடுகிறார்கள். வயல்காரர் வரப்பில் நின்று செல்போனில் படம் பிடிக்கிறார். நடவுப் பாட்டு நன்றாக இருக்கிறது, படமும் அழகாக வருகிறது. ஆனால் அந்தப் பெண்கள் வாங்கும் கூலி நடவுக்கு மட்டுமே. தம் உருவமும் குரலும் வெளியே போவதற்கு அவர்கள் சம்மதித்தார்களா என்று கேட்க வேண்டும். கேட்டாலும், அடுத்த நடவுக்கும் கூப்பிட வேண்டுமே என்ற தயக்கத்தில் மறுக்க முடியாமல் தலையாட்டும் நிலை உண்டு. அந்தரங்க உரிமை என்பது அரசியல் சாசனம் அளிக்கும் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்துள்ளது. நிலம் உள்ளவருக்கும் நிலமில்லாதவருக்கும் அது பொதுவானது.

இழவு வீட்டிலும் இதே நிலைதான். ஒப்பாரி வைத்து அழும் பாட்டியின் துயரம், ஊர் கூடிப் பகிர்ந்துகொள்வதற்கு உரியது. அதனைப் படம் பிடித்து வெளியிடுவதற்கு அந்த வீட்டாரின் அனுமதி இல்லாமல் எவருக்கும் உரிமை இல்லை.

இதனினும் கெடுதலானது தகராறுகளை வெளியிடுவது. வாய்க்கால் தண்ணீரிலோ வரப்பிலோ இரண்டு பங்காளிகளுக்கு வாய்ச்சண்டை வருவது புதிதல்ல. முன்பெல்லாம் மாலைக்குள் பெரியவர் ஒருவர் இருவரையும் கூப்பிட்டு, நீ ஒரு சொல் கூடப் பேசிவிட்டாய், நீ ஒரு மடை கூடத் திறந்துவிட்டாய் என்று கண்டித்து அனுப்புவார். மறுவாரம் ஒருவர் வயலுக்கு மற்றவர் ஏர் பூட்டி வருவார். அந்தச் சண்டை வீடியோவாகிவிட்டால் அவ்வாறு முடிவதில்லை. ஊரையே அறியாத ஆயிரம் பேர் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்து தூண்டிவிடுவர். விட்டுக் கொடுப்பவர் தோற்றவராகக் கருதப்படுவார். சிறு விவசாயிக்கு அண்டை வயல்காரருடன் உள்ள நல்லுறவு, கிணற்றைப் போல ஒரு சொத்து. முறைத் தண்ணீரும் மாற்று ஆளும் அவசரத்திற்கு நூறு ரூபாயும் அந்த உறவிலிருந்துதான் கிடைக்கின்றன.

வயலிலும் தொழுவத்திலும்

படம் பிடிப்பதால் விவசாய வேலையே தடம் மாறுவதும் உண்டு. குண்டுமல்லியை மொட்டு விரியாத நிலையில் அதிகாலையில் பறித்தால்தான் சந்தையில் நல்ல விலை கிடைக்கும். கேமராவுக்கு வெளிச்சம் வரட்டும் என்று காத்திருந்தால் மொட்டு விரிந்து விலை குறைந்துவிடும். பூச்சிமருந்தைக் காற்று குறைந்த காலையிலோ மாலையிலோ, கையுறையும் முகக்கவசமும் அணிந்து தெளிக்க வேண்டும். முகம் தெரியட்டும் என்று கவசத்தை அகற்றிவிட்டுத் தெளிப்பது ஆபத்தானது. பார்க்கும் பலரும் அதுவே சரியான முறை என்று பின்பற்றுவர்.

கறவை மாட்டின் மடியைத் தடவியதும் ஆக்ஸிடோசின் என்ற சுரப்பி நீர் இரத்தத்தில் கலந்து பால் இறங்குகிறது. அதன் வேகம் சில நிமிடங்களே நீடிக்கும். புதிய ஆட்களும் வெளிச்சமும் கூச்சலும் மாட்டை மிரளச் செய்தால் அட்ரினலின் சுரந்து பால் இறங்குவதைத் தடுத்துவிடும். மாடு பாலை மேலே இழுத்துக்கொள்கிறது என்று உழவர்கள் கூறுவது இதைத்தான். கறவை நேரத்தில் தொழுவத்தில் படப்பிடிப்பு கூடாது.

அமோக விளைச்சலை விற்பனைக்கு முன்பே காட்டுவதும் நல்லதல்ல. வியாபாரியும் அந்த வீடியோவைப் பார்க்கிறார். களத்தில் குவிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு விலை பேச வருபவரிடம் பேரம் படியாது. அதுபோலவே நகையையும், பயிர்க்கடன் வாங்கிய நாளையும், குடும்பத்தோடு வெளியூர் போகும் நாளையும் ஊரறியச் செய்வது திருடனுக்கு வழி காட்டுவதாகும்.

படம் பிடிக்கத் தொடங்குமுன்

வீடியோ எடுத்து வருமானம் பெற விரும்பும் விவசாயக் குடும்பங்கள் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் நலம்.

1. தொழிலைக் காட்ட வேண்டும். விதை நேர்த்தி, ஒட்டுக் கட்டுதல், மண்புழு உரம் தயாரித்தல், கருப்பட்டி காய்ச்சுதல், பாய் முடைதல், பாரம்பரியச் சமையல் என்று கைத்திறன் எதுவாயினும் காட்டலாம். பார்ப்பவருக்கும் பயன் உண்டு; காட்டுபவருக்கும் மதிப்பு உண்டு.

2. வீட்டில் ஓர் எல்லையை வகுக்க வேண்டும். வாசல், களம், தோட்டம் வரை கேமரா வரலாம். உறங்கும் இடம், குளிக்கும் இடம், பூசையறை, நோயாளியின் கட்டில் ஆகியவற்றின் பக்கம் வரக்கூடாது.

3. குடும்பத்தில் ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்தப் படத்தை வெளியிடக் கூடாது. அவரிடம் காரணம் கேட்க வேண்டியதில்லை.

4. குழந்தைகளின் முகம், பெயர், பள்ளிச் சீருடை ஆகியவை தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். படிப்பு நேரத்திலும் உறங்கும் நேரத்திலும் படப்பிடிப்பு கூடாது. அழுகை, அடி, நோய், சடங்கு ஆகியவற்றை வெளியிடவே கூடாது. குழந்தை தோன்றிய வீடியோவில் வருமானம் வந்திருந்தால் ஒரு பங்கை அதன் பெயரில் அஞ்சலகத்திலோ வங்கியிலோ போட வேண்டும்.

5. கூலியாட்களையும் அயலாரையும் படம் பிடிக்குமுன் அனுமதி பெற வேண்டும். எடுத்த படத்தை அவர்களுக்குக் காட்டிய பின்னரே வெளியிட வேண்டும். நாள் முழுதும் படப்பிடிப்புக்காக நிற்க வைத்தால் அதற்குத் தனிக் கூலி தர வேண்டும்.

6. வரவு செலவுக்கு ஒரு நோட்டுப் போட வேண்டும். யார் எத்தனை மணி நேரம் உழைத்தனர் என்பதையும் அதில் எழுத வேண்டும். மாத முடிவில் வீட்டுப் பெண்கள் உட்பட எல்லோரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

7. ஆறு மாதம் வருமானம் வராவிட்டாலும் குடும்பம் தாங்கும் என்ற நிலையில்தான் இதில் இறங்க வேண்டும். உழவையும் கறவையையும் விட்டுவிடக் கூடாது. கடன் வாங்கக் கூடாது.

8. வாரத்தில் இரண்டு நாட்களாவது கேமராவை எடுக்காமல் இருக்க வேண்டும். அந்த நாட்களில் வீட்டில் நடப்பவை வீட்டோடு இருக்கட்டும்.

9. முதியவர்களும் பெண்களும் கமெண்டுகளைப் படித்து மனம் நோகாதபடி, கெட்ட சொற்கள் வராமல் தடுக்கும் வசதியைச் சேனலில் அமைத்துக்கொள்ள வேண்டும். தேவைப்பட்டால் கமெண்டுப் பகுதியையே மூடிவிடலாம்.

விதை நெல்லைப் போல

எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதை நெல்லை அவித்து உண்ணாத குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. அடுத்த பருவம் அதில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். குடும்பத்தில் ஒருவர் மேல் ஒருவர் வைத்திருக்கும் நம்பிக்கையும், குழந்தையின் கூச்சமும், பெண்ணின் மதிப்பும், அயலாரின் உறவும் அத்தகைய விதை நெல். விளைந்ததை விற்கலாம், விதையை விற்றுவிட்டால் அடுத்த ஆடிக்கு விதைக்க ஒன்றும் இருக்காது.

உழவர் தம் திறமையை உலகுக்குக் காட்டி அதற்குரிய பலனைப் பெறுவது வரவேற்கத் தக்கது. ஒரு காலத்தில் பிறர் சொல்லக் கேட்டு மட்டுமே வந்தவர்கள், இன்று தாமே சொல்லும் நிலைக்கு உயர்ந்திருக்கிறார்கள். அந்த வாய்ப்பை வயலுக்கும் தொழிலுக்கும் பயன்படுத்திக்கொண்டு, வீட்டின் உள்கட்டை வீட்டாருக்கே விட்டுவைத்தால், வருமானத்தோடு நிம்மதியும் நிலைக்கும்.